அரளி இலையை மட்டுமே

அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில் இருபத்திரண்டு வருடங்களாகப் பெயர்ச் சீட்டு எழுதி வந்தவரை எல்லோரும் முதுகுக்குப் பின்னால் ‘அரளி’ என்றார்கள். அவர் தலை நிமிர்ந்து நடந்ததெல்லாம் ஒரே ஒரு வரியின் தெம்பில்தான். பிரிவின் கையேட்டில் அரளி அந்துப்பூச்சிக்கான பக்கம் அவர் எழுதியது. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவின் தென்பகுதியிலும் வாழும், கோடையில் ஐரோப்பா வரை பறக்கும் என்பதெல்லாம் பழைய புத்தகங்களைப் பார்த்து எழுதியவை. ‘புழு அரளி இலையை மட்டுமே தின்னும்’ என்பதில் அந்த ‘மட்டுமே’ அவருடைய சொந்தச் சரக்கு. ஆராய்ச்சி நடந்த இடம் அவர் நாற்காலி. ஜன்னலுக்கு வெளியே ஓர் அரளிச் செடி இருந்தது. எழுந்து போய் இன்னொரு செடியைப் பார்ப்பது அவர் தகுதிக்குக் குறைவு.

மறுபதிப்பில் முதல் முறையாக அவர் பெயரும் வரப்போகிறது. அச்சுப்படியில் கையெழுத்திட வேண்டிய நாள் காலையில், மனைவி சாப்பாட்டு டப்பாவோடு இன்னொரு டப்பாவையும் வைத்தாள்.

“இந்தாங்க, உங்க ஆளு. மாடியில நந்தியாவட்டைய மொட்டையடிச்சிட்டான்.”

பச்சைப் புழு. தலைப்பக்கம் கண் மாதிரி இரண்டு நீலப் பொட்டு, வாலில் குட்டிக் கொம்பு.

“இது வேற புழு,” என்றார், சரியாகப் பார்க்காமலே.

“உங்க புத்தகத்துல இருக்கிற படம் மாதிரியே இருக்கே.”

“அரளி இல்லாத இடத்துல அது இருக்காது. உனக்கென்ன தெரியும்?”

“எனக்கென்ன தெரியும், செடிக்குத் தண்ணி ஊத்துறவ. நீங்க அவன்கிட்டயே சொல்லுங்க.”

அலுவலகத்தில் புழுவின் முன் ஓர் அரளி இலையைப் போட்டார். தொடாவிட்டால் வேறு இனம், பிரச்சினை தீர்ந்தது. புழு இலையின் ஓரத்தைக் கடித்தது. அவர் சாப்பாட்டைப் பிரிப்பதற்குள் இலையில் நடு நரம்புதான் மிச்சம்.

‘மட்டுமே’ என்ற ஒரு சொல்லை அடிக்க ஒரு கோடு போதும். ஆனால் அதை அடித்துவிட்டால் அந்தப் பக்கத்தில் அவருடையது என்று எதுவும் மிஞ்சாது. கையெழுத்துப் போட்டார். புழுவை ஸ்பிரிட் குப்பியில் போட்டு மூடி, ‘இனம் தெரியவில்லை’ என்று சீட்டு ஒட்டினார். எழுத்து வழக்கம்போல முத்து முத்தாக இருந்தது.

“என்ன சொன்னான் உங்க ஆளு?” என்று கேட்டாள் மனைவி, அன்று மாலை.

“வேற புழுதான்.”

“சரி. மாடியில இன்னும் ஏழு பேர் இருக்காங்க. அவங்க காதுலயும் போட்டுடுங்க.”