படுக்க வெச்ச பொம்மை

எதிர்ல கண்டெய்னர் லாரியே வந்தாலும் கையைக் காட்டி நிறுத்திட்டு ரோட்டைத் தாண்டுறவ நான். ஆனா மருமக பீரோவைத் திறந்து பாச்சா உருண்டை வாசனை வந்தா இன்னிக்கும் எழுந்து வாசலுக்குப் போயிடுவேன்.

இப்போ லாரிங்க வரிசையா நிக்கிற எடத்துலதான் நான் சின்னப் பொண்ணா இருந்தப்போ எங்க அம்மன் கோயில் மண்டபம் இருந்தது. நவராத்திரிக்குப் பெட்டியிலேருந்து எடுத்த கொலு பொம்மைங்க மேல அந்த வாசனைதான். அதோட விளக்குப் புகையும் சுண்டல் ஆவியும் கலந்து கெடக்க, ஈரக் கல்லுத் தரையில உக்காந்துகினு, வூட்ல காய்ச்சல் எறங்காம படுத்திருந்த எங்கம்மா சாடையில இருந்த பச்சைப் புடவை பொம்மையையே பார்த்துகினு இருப்பேன்.

விஜயதசமி சாயங்காலம் ஆரத்தி முடிஞ்சதும் குருக்கள் வூட்டம்மா அந்தப் பொம்மையை மெல்ல மல்லாத்திப் படுக்க வெச்சாங்க. கொலு முடிஞ்சா அப்படித்தான் வழக்கம்னு எனக்கு யாரு சொன்னா? அம்மா போயிட்டான்னே நெனைச்சு, சுண்டலை மடியில கட்டிகினு ஓடினேன்.

வூட்ல அம்மாவும் அதே மாதிரி மல்லாந்து கெடந்தா. நான் வாசப்படியிலியே நின்னுட்டேன்.

"சுண்டல் கொண்டாந்தியாடி, இல்ல வழியிலியே தின்னுட்டியா?"ன்னா, கண்ணைத் திறக்காமலே.

இப்போ மருமக நைட் ஷிப்ட் முடிச்சு வந்து பகல்ல மல்லாந்து தூங்குவா. நான் ஒருதரம் கூப்புடுவேன்.

"இன்னா அத்தே, தூங்க வுட மாட்டியா?"ன்னு திட்டுவா.

திட்டினப்புறம்தான் நான் அடுப்பாண்ட போவேன்.