கோல்கியில் நின்றுவிட்ட பச்சை

காலை 9.10. கட்கியில் அக்கா வீட்டு வாசலில் ஆட்டோ ஏறினேன். பாஷாணில் இருக்கும் ஆய்வு நிறுவனத்துக்கு எட்டு கிலோமீட்டர், மீட்டரில் 140 ரூபாய். இது சும்மா கிளைப் பயணம். நான் பார்க்கப் போன பயணத்தின் தூரம் ஒரு தலைமுடியின் தடிமன்கூடக் கிடையாது: செல்லுக்குள் உருவாகும் புரதம், அதன் விளிம்பைத் தாண்டி வெளியேறும் வழி. அழைத்தவள் அக்கா மகள் ஸ்டெல்லா, அங்கே ஆய்வு மாணவி.

9.50. ஆய்வகத்தில் ஸ்டெல்லாவின் முகம் சரியில்லை. நுண்ணோக்கி அவளுக்கு ஒரு மணி வரைதான். ஏற்கெனவே இரண்டு முறை படம் சொதப்பிவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் புரதம் வெளியேறும் படம் இல்லையென்றால், பேராசிரியர் தலைப்பையே மாற்றச் சொல்லிவிடுவாராம்.

“மாமா, எதையும் தொடாதீங்க. ப்ளீஸ்.”

நான் என்ன குழந்தையா?

10.40. நுண்ணோக்கியைச் சுற்றிக் கண்ணாடிப் பெட்டி. உள்ளே உடம்புச் சூடு, 37 டிகிரி. வெளியே ஏசி 18. ஒரு துளி மருந்து விட்டாள். அதுவரை பிடித்துவைக்கப்பட்டிருந்த புரதம், திரையில் பச்சையாக ஒளிர்ந்தபடி, நுண்பைகளில் ஏறிக் கிளம்பியது. அடுத்த நிறுத்தம், தோசைகளை அடுக்கியது போன்ற கோல்கி உறுப்பு. சரக்கைப் பக்குவப்படுத்தி, தரம் பிரித்து வெளியே அனுப்பும் இடம்.

10.52. ஸ்டெல்லா போன் பேச வெளியே போனாள். செல்லை நேரிலேயே பார்த்துவிடலாமே என்று பெட்டியின் சிறு கதவைத் திறந்தேன். ஒரு தட்டு, கொஞ்சம் ரோஸ் நிறத் தண்ணீர். மூடிவிட்டேன், மூடியதாகத்தான் நம்பினேன்.

11.25. திரும்பி வந்தவள் அரை மணியாகத் திரையையே பார்க்கிறாள். பச்சை முழுவதும் கோல்கியில் குவிந்து அப்படியே உட்கார்ந்திருந்தது.

“டிரைவர் டீ குடிக்கப் போயிருப்பாரு,” என்று ஆறுதல் சொன்னேன்.

அவள் வெப்பமானியைப் பார்த்தாள். இருபது.

“மாமா, இந்தக் கதவைத் தொறந்தது யாரு?”

“செல் எப்படி இருக்குன்னு...”

“கண்ணாலயா? அரே, மாமா!”

இருபது டிகிரியில் சரக்கு கோல்கி வரை வரும். அதற்கு மேல் நகராது. கதவை அழுத்தி மூடினாள்.

11.50. சூடு ஏறியது. கோல்கியின் ஓரங்கள் நூலாக நீண்டு, அறுந்து, விளிம்பை நோக்கி ஓடின. அங்கே வெளிச்சவ்வோடு கலந்த கணத்தில் ஒரு மின்னல், பிறகு ஒன்றுமில்லை: சரக்கு வெளியே போய்விட்டது. ஒன்று, பத்து, அப்புறம் திரை முழுக்கக் கடுகு வெடித்தது. எல்லாம் ஒரே இடத்தில் காத்திருந்து சேர்ந்து கிளம்பியதால் படம் துல்லியமாக வந்தது. ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பார்த்தியா, நான் தொறந்ததாலதான்...”

“சும்மா இருங்க மாமா.” சிரித்துவிட்டாள்.

12.50. கிளம்பும் நேரம். ஆய்வு நோட்டை விரித்தாள்.

“கதவை எத்தனை மணிக்குத் தொறந்தீங்க? கரெக்டா சொல்லுங்க. நாளைக்கு வேற யாராவது இதையே செஞ்சு பார்க்கணும்ல.”

பல வருடங்களாக ஊர் ஊராகப் போய் மணி குறித்து எழுதுகிறேன். என் வீட்டிலேயே அதை யாரும் புரட்டியதில்லை. என் பயண நோட்டை நீட்டினேன். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள் ஸ்டெல்லா, விரல் வைத்துப் படித்தாள்: “10.52. பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.”

நேரத்தை மட்டும் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.