மருதமரத்தில் தொங்கும் தண்டவாளம்

மருதமரக் கிளையில் தொங்கும் தண்டவாளத் துண்டு முழுவதும் துருவேறிவிட்டது. அதைக் கட்டிய சங்கிலி மரப்பட்டைக்குள் புதைந்துவிட்டது. பக்கத்தில் புதிய பாலம். பஸ்ஸில் வருகிறவர்கள் மட்டக்களப்பு வாவியை ஒரு பேச்சு முடிவதற்குள் கடந்துவிடுகிறார்கள். போர்க்காலத்தில் மேற்குக் கரையான படுவான்கரையின் மக்கள் இந்த இரும்பை அடித்துத்தான் பாதையை அழைத்தார்கள். ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிச் செல்லும் தட்டையான மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்றுதான் பெயர்.

இரும்பைத் தொங்கவிட்டவர் வீதி வேலைகளுக்குப் பொறுப்பாக இருந்த ஓவசியர். பழைய பாதை எஞ்சினில் ஓடியது. மேற்குக் கரை போராளி இயக்கத்தின் கையில் இருந்ததால், அங்கே எண்ணெய் கொண்டுபோக ஆமி தடை போட்டதும் அது நின்றுபோனது. அந்த மாரிக்காலத்தில் ஒரு கர்ப்பிணி, ஆஸ்பத்திரி இருக்கும் கிழக்குக் கரையைப் பார்த்தபடியே துறையில் இறந்தாள். அதன் பிறகு ஓவசியர் இரு கரைகளிலும் கூட்டம் வைத்தார். மேற்குக் கரைக் கூட்டத்துக்குப் பத்திரிகைக்காக நானும் போனேன். எஞ்சின் வேண்டாம், கரைக்குக் கரை கம்பிவடம் கட்டிக் கையால் இழுப்போம் என்றார். துறை எங்கே அமைய வேண்டும் என்று பெண்களைக் கேட்டார். அவர் குறித்திருந்த இடம் சேறு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்க முடியாது என்றார்கள். நின்ற இடத்திலேயே வரைபடத்தின் கோட்டை அழித்து, துறையை மருதமரத்தடிக்கு மாற்றினார்.

ஒரு விதியும் அன்று முடிவானது. ஒருமுறை அடித்தால் ஆள் காத்திருக்கிறது. விடாமல் அடித்தால் நோயாளி; உடனே போக வேண்டும். அடிப்பது யார் என்று விசாரிக்கக் கூடாது.

"ஆமிக்காரன் அடிச்சாலும் போறதா ஓவசியர்?" என்று கேட்டார் இறந்தவளின் கணவர். வட்டை எனும் வயல்வெளியில் வேளாண்மை செய்துகொண்டிருந்தவர். பிறகு அவரே பாதைக்காரர் ஆனார்.

"வயித்துக்குத்து வந்தா அவனும் நோயாளிதான்."

"அப்ப இயக்கப் பெடியன்கள் அடிச்சா?"

"ஏன், அவங்களுக்கு வயிறு இல்லையா?"

கூட்டம் சிரித்தது. பாதைக்காரரும் சிரித்தார். மனைவி இறந்தபின் அவர் சிரித்ததை நான் கண்டது அப்போதுதான்.

மேற்குக் கரையில் பெரிய சண்டை தொடங்கிய அன்று நான் ஓவசியரோடும் பாதைக்காரரோடும் கிழக்குத் துறையில் நின்றேன். அக்கரைச் சனம் காலையிலேயே உள்ளே காடுகள் பக்கம் இடம்பெயர்ந்துவிட்டதாகச் செய்தி. பாதை இங்கே கட்டிக் கிடந்தது. பிற்பகலில் இரும்பு ஒலித்தது. விடாமல் ஒலித்தது. ஓவசியர் மிதவையை நோக்கி நடந்தார்.

"ஐயா, அங்கால ஒரு குருவியும் இல்ல. போகாதீங்க," என்றார் பாதைக்காரர்.

"ஆள் இல்லாட்டி ஆர் அடிக்கிற?" என்றார் ஓவசியர்.

சொல்லிக்கொண்டே மிதவையில் ஏறினார். பாதைக்காரரும் ஏறப் போனார். ஓவசியர் கையைக் காட்டித் தடுத்தார். "உனக்குப் பிள்ளைகள் இருக்கு. நில்லு," என்று கயிற்றை அவிழ்த்தார்.

தனியாகவே வடத்தை இழுத்துக்கொண்டு போனார். இரும்பை அடித்த கை சோர்ந்து மெதுவாவதும், மீண்டும் வேகம் பிடிப்பதும் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. மிதவை நடு வாவியைத் தாண்டியதும் ஒலி நின்றது. மிதவை வருவதை அங்கிருந்து யாரோ பார்த்திருக்க வேண்டும். சற்று நேரத்தில் ஷெல் விழத் தொடங்கியது. புகையில் மருதமரம் மறைந்தது.

சண்டை ஓய்ந்தபின் போய்ப் பார்த்தோம். பாதை மேற்குத் துறையில் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தது. ஆள் ஏற்றுவதற்கான பலகை கரையில் இறக்கப்பட்டிருந்தது. ஓவசியர் இல்லை. இன்றுவரை இல்லை.

பத்திரிகையில் அது சில வரிகளில் முடிந்தது. ஆனால் திரும்பி வந்த சனங்களிடம் வருடக்கணக்காக நான் கேட்டிருக்கிறேன். அன்று தாங்கள் யாரும் அங்கே இருக்கவில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். காற்றுக்கு அந்த இரும்பு ஒலிக்காது. வாடைக்காற்று வீசும் நாட்களில் மரத்தடியில் நின்று பார்த்துவிட்டேன். பலகையை அவர் யாருக்காக இறக்கினார் என்பது எனக்குத் தெரியாது. இறக்கும்போது எதிரே யாரோ நின்றிருந்தார்கள் என்பதை மட்டும் நம்புகிறேன்.

பாலத்துக்கு நிலம் பார்க்க வந்தவர்கள் எவரையும் கூட்டம் கூட்டிக் கேட்கவில்லை. கேட்காமலே நல்ல பாலம் கட்டினார்கள். நோயாளிகள் இப்போது கரையில் காத்திருப்பதில்லை.

சென்ற மாதம் மரத்தடியில் நின்றபோது ஒரு சிறுவன் கல்லெடுத்து இரும்பை அடிக்கப் போனான். போர் முடிந்தபின் பிறந்தவன். அவனுடைய தாய் ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"தட்டாத மனே. அவர் வந்திருவார்."

விளையாட்டாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் கிழக்குக் கரையை ஒருமுறை பார்த்தாள்.