ஒரு டீமுக்கு ஒரு வெளிநாட்டுக்காரர்

எங்கள் தெருமுனையில் இந்த முறை எனக்கு வைத்திருந்த பேனரில் "ஐரோப்பாவைக் கலக்கிய சிங்கமே, வருக வருக" என்று எழுதியிருந்தது. படத்தில் இருந்தது நான்தான். ஆனால் அந்தப் படம் எடுத்தபோது நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மடியில் மற்றவர்களுடைய தண்ணீர் பாட்டில்கள். பேனர் வைத்த பக்கத்து வீட்டுக்காரர் பாட்டில்களை அழித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பந்தை ஒட்டியிருந்தார். நல்ல கைவேலை, குறை சொல்ல மாட்டேன்.

முதலியார்பேட்டையில் எங்கள் தெருவிலிருந்து வெளிநாட்டுக் கிளப்பில் கால்பந்து ஆடிய முதல் ஆள் நான். அதில் பொய் இல்லை. அது பிரான்சில் ஒரு சின்ன ஊரின் கிளப் என்பதையும், அதற்கு மேலே ஐந்தாறு டிவிஷன்கள் இருந்தன என்பதையும், பகலில் நான் ஒரு சூப்பர் மார்க்கெட் குடோனில் பெட்டி அடுக்கினேன் என்பதையும் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நான்கு வருடத்தில் ஒரே ஒரு கோல். அதுவும் வேறொருவன் அடித்த பந்து என் முதுகில் பட்டு உள்ளே போனது. என் பெயர் அங்கே யார் வாயிலும் நுழையாததால் "இந்தியன்" என்றே கூப்பிட்டார்கள்.

பிரான்சுக்கு என்னைக் கொண்டுபோனது என் கால் இல்லை, என் கல்யாணம். புதுச்சேரியில் இது ஒன்றும் அதிசயமில்லை. என் மனைவி சொல்தா வீட்டுப் பெண். அதாவது, தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அதனால் குடும்பமே பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளது. இப்படிப்பட்ட வீடுகளில் ஜாதகம் பார்க்குமுன் நேஷனாலிட்டி பார்ப்பார்கள். எங்களுக்கு இரண்டும் பொருந்தின. சில வருடங்களில் நானும் பிரெஞ்சுக்காரன் ஆகி, இந்திய பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றைக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. கவுண்டரில் வரிசை நீளம், நல்ல பசி, அவ்வளவுதான் ஞாபகம்.

அப்பா மில் தொழிலாளி. நான் ஊரில் ஆடிய காலமெல்லாம் அவருக்கு மதிய ஷிப்ட். எங்கள் ஆட்டம் ஆரம்பிக்கிற நேரத்தில் அவர் தறியோடு நின்றுகொண்டிருப்பார். மில்லை மூடி அவர் வீட்டில் உட்கார்ந்தபோது நான் பிரான்சில் இருந்தேன். ஆக, நான் ஆடி அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. போன வருடம் அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். அதற்கப்புறம் ஒருநாள் போனில், "இந்த வாட்டி வந்தா ஒரு ஆட்டம் ஆடுடா. பாத்துடறேன்" என்றார். அவர் என்னிடம் எதையும் கேட்டவர் இல்லை. எனக்கு வயது நாற்பத்தொன்று, இடது முழங்கால் படி ஏறினாலே முனகும். இருந்தும் ஆகஸ்ட் லீவுக்கு ஷூவோடு வந்து இறங்கினேன்.

நான் பள்ளிக்கூட நாளில் ஆரம்பித்த எங்கள் தெரு டீம், ஊர்ப் போட்டியில் பைனலுக்கு வந்திருந்தது. பெயர் கொடுக்கும் மேசையில் கமிட்டிக்காரர் ஆதார் கேட்டார். என்னிடம் இருந்தது, வேறு நாட்டுக் குடிமகனாகிவிட்ட இந்தியனுக்குக் கொடுக்கும் ஓ.சி.ஐ. கார்டு. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணே, நீங்க பாரினராச்சே! ஒரு டீமுக்கு ஒரு பாரினர்தான் கிரவுண்டுல நிக்கலாம். உங்க டீம்ல ஏற்கெனவே ஒருத்தர் கீறாரே."

"எந்தக் கேனப்பயய்யா இப்படி ஒரு ரூல் போட்டது?" என்று கத்தினேன்.

"நீங்கதாண்ணே."

அட, ஆமாம். மூன்று வருடத்துக்கு முன்னால் பிரான்சில் இருந்துகொண்டு வாட்ஸாப்பில் கமிட்டிக்கு உபதேசம் செய்தவன் நான்தான். படிக்க வந்திருக்கிற ஆப்பிரிக்கப் பையன்களை எல்லா டீமும் வரிசையாக இறக்கினால் நம் பசங்கள் எப்போது ஆடுவது, ஒரு வெளிநாட்டுக்காரனுக்கு மேல் கூடாது என்று நீளமாக எழுதினேன். கமிட்டி கைதட்டி ஏற்றுக்கொண்டது. "வெளிநாட்டுக்காரன்" என்று டைப் செய்தபோது என் மூஞ்சி எனக்கு ஞாபகம் வரவே இல்லை.

எங்கள் டீமின் இன்னொரு வெளிநாட்டுக்காரர் பிரெஞ்சு பேசும் ஆப்பிரிக்க நாடான ஐவரி கோஸ்ட்டிலிருந்து வந்த மாணவர், உழவர்கரைப் பக்கம் அறை எடுத்துப் படிக்கிறவர். கேப்டன் என்னைத் தனியே கூப்பிட்டான். "தப்பா நெனச்சுக்காதீங்கண்ணே. அவன் பிரமாதமா ஆடறான். நீங்க சப்ஸ்டிட்யூட்ல ஒக்காருங்க. அவனால முடியலன்னா உங்கள எறக்கறேன்." பிரான்சில் இந்தியனாகப் பெஞ்சில் உட்கார்ந்தேன், சொந்தத் தெருவில் பிரெஞ்சுக்காரனாகப் பெஞ்சில் உட்கார்ந்தேன். பழகிய சீட்டுதான்.

அப்பாவை ஸ்கூட்டரில் கூட்டிவந்து கோட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் தண்ணீர், மாத்திரை எல்லாம் எடுத்து வந்திருந்தார். முதல் பாதியில் ஐவரி கோஸ்ட்காரர் ஒரு கோல் போட்டார். நான் பந்து பொறுக்கிப் போட்டேன். அப்பா அடிக்கடி என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

இடைவேளையில் அந்த மாணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஏன் முகம் இப்படி இருக்கிறது என்று பிரெஞ்சில் கேட்டார். சொன்னேன். அப்பா எங்கே என்றார். காட்டினேன். கொஞ்ச நேரம் அவரையே பார்த்துவிட்டு, "பத்து நிமிடம் போதுமா?" என்றார்.

"பதினைந்து" என்றேன், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

"ரெண்டு பேரும் இன்னா பிரெஞ்சுல குசுகுசுன்னு?" என்றான் கேப்டன். "ஒண்ணுமில்லப்பா, ஊர்க் கதை" என்றேன்.

ஆட்டம் முடியச் சரியாகப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது மனிதர் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். என்ன நடிப்பு! கேப்டன் முகம் வெளுத்துப் போய் பெஞ்சைப் பார்த்தான். பெஞ்சில் ஷூ கயிறு கட்டி முடித்து நான் தயார். "எறங்குங்கண்ணே. நீங்க ஒண்ணும் பண்ண வேணாம், சும்மா நின்னா போதும்" என்றான்.

சும்மா நின்றிருக்கலாம். நான் தொட்ட முதல் பந்து நேராக எதிரணிக்காரன் காலுக்குப் போய், அங்கிருந்து எங்கள் கோலுக்குள் போனது. இரண்டாவது பந்து சுவர் தாண்டிச் சாக்கடையில் விழுந்தது. மூன்றாவதை எடுக்கப் போய் நான் விழுந்தேன், அதிலும் ஒரு கோல். ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றோம். "அந்தப் பிரெஞ்சுக்காரன எவன்டா எறக்குனது?" என்று கத்தினது பேனர் வைத்தவரேதான். கால் பிடித்துக்கொண்ட மாணவர் அதை மறந்து கோட்டோரம் குதித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் சொல்கிறேன், எனக்குத் துளி வருத்தமில்லை. அப்பா பார்த்துவிட்டார். அந்தச் சந்தோஷத்தில் முழங்கால் வலிகூடத் தெரியவில்லை. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். மில் சுவரைத் தாண்டியதும் கேட்டார்.

"ஏன்டா, நல்லா ஆடினு இருந்த புள்ளய எதுக்குடா வெளிய எடுத்தாங்க?"

"கால் புடிச்சுக்கிச்சாம்பா."

"அதான பாத்தேன்" என்றார் அப்பா. "இல்லன்னா உன்ன எதுக்கு எறக்கப் போறாங்க."