பாத்ரூமில் ஒரு பெருக்கல் குறி

போன வியாழக்கிழமை காலை என் மாமனார் எங்கள் வீட்டு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குளிக்க இல்லை. கையில் டார்ச் லைட்டோடு போனார்.

பட்டப்பகலில், லைட் எரிகிற பாத்ரூமில், எதற்கு டார்ச்?

நானும் என் மனைவி கோகிலாவும் ஹாலில் காத்திருந்தோம். ஐந்து நிமிஷம்... பத்து நிமிஷம்... உள்ளே சத்தமே இல்லை. நான் பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்கிற மாதிரி நின்றேன்.

அந்தப் பத்து நிமிஷத்துக்குப் பின்னால் ஒரு மாதக் கதை இருக்கிறது. சொன்னால் என் மானம் கொஞ்சம் போகும். போகட்டும், உங்களிடம்தானே?

சரவணம்பட்டியில் இந்த ஃப்ளாட்டை வாங்கியபோது பில்டரின் நோட்டீஸில் ‘லக்ஸுரி பாத்ரூம்’ என்று போட்டிருந்தது. லக்ஸுரி என்றால் என்னென்ன தெரியுமா? பாஸ்போர்ட் போட்டோவை விடக் கொஞ்சம் பெரிய கண்ணாடி. ஈரத் துண்டைப் போட்டாலே வளைகிற பிளாஸ்டிக் கம்பி. முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்கும் தரை — கண்ணாடி சின்னதாக இருப்பதற்கு அதுதான் ஈடு போலிருக்கிறது. சுவரைச் சுற்றி டால்பின் போட்ட டைல்ஸ். கோயமுத்தூருக்கும் டால்பினுக்கும் என்ன சம்பந்தம்? எங்கள் பிளாக்கில் எல்லா வீட்டிலும் அதே டால்பின்தான் நீந்துகிறது. யாரும் பில்டரைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

போன பொங்கலுக்கு மாமனார் வந்தார். கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டத்தில் இருக்கிறார். அதற்கு முன் முப்பது வருஷம் கணபதியில் லேத் பட்டறை நடத்தியவர். குளிக்கப் போனவர் அந்தப் பளபளத் தரையில் வழுக்கி, விழாமலிருக்கத் துண்டுக் கம்பியைப் பிடித்திருக்கிறார். கம்பி அவரோடு சேர்ந்து வந்துவிட்டது.

வேறு ஊர் மாமனாராக இருந்தால் வீடே இரண்டாகியிருக்கும். இவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, கம்பியை என் கையில் கொடுத்தார்.

“மாப்ளே, இது கழண்டு வந்துபோட்டுதுங்க.”

அவ்வளவுதான். சாயங்காலப் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

அப்புறம் அவருக்கு மூட்டு ஆபரேஷன் ஆயிற்று. ஒரு மாதம் கோவையில் தங்கி பிசியோதெரபி செய்தால்தான் கால் ஒழுங்காக மடங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். செய்யாவிட்டால் ஆயுசுக்கும் கோல்தான். கோகிலா போனில் கூப்பிட்டால், “மாடு கன்னெல்லாம் யாரு கண்ணு பாக்கறது?” என்கிறார். அவரிடம் இருப்பது ஒரே ஒரு மாடு. அதையும் தோட்டத்து ஆள்தான் பார்க்கிறார்.

“அப்பாவுக்கு மாடெல்லாம் சாக்குங்க. நம்ம பாத்ரூமுக்குத்தான் பயப்படறாரு,” என்றாள் கோகிலா. “என்ற தம்பிய வரச் சொல்லட்டுங்களா? இல்லாட்டி நா...”

அவளை நான் முடிக்க விடவில்லை. “நானே பண்றேன்” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? ரோஷம்தான். மோட்டாரும் பம்ப்பும் செய்கிற ஊரில் பிறந்து, ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாதவன் நான். என் மச்சினன் மோட்டார் காயில் கட்டுவான். கல்யாண வீட்டில் மிக்ஸி நின்றால்கூட எல்லோரும் அவனைத்தான் பார்ப்பார்கள். என்னைப் பார்த்து, “மாப்ள எழுதறவருங்க” என்பார்கள். மரியாதையாகத்தான் சொல்வார்கள். எனக்குத்தான் சுருக்கென்று இருக்கும்.

டவுன்ஹால் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் பாயிடம் போய் லிஸ்ட்டை நீட்டினேன். துண்டுக் கம்பி, கண்ணாடி, சோப்பு ஸ்டாண்ட், தரையில் ஒட்ட வழுக்காத பட்டை, எல்லாவற்றுக்கும் மேலாக — பிடித்துக்கொண்டு எழுந்திருக்க ஒரு ஸ்டீல் கைப்பிடி.

“மாட்டறது யாருங்க?”

“நான்தான்.”

பாய் என் விரல்களைப் பார்த்தார். இன்னொரு பிடி ஸ்க்ரூவை அள்ளிப் பொட்டலத்தில் போட்டார். “இருக்கட்டுங்க. தேவப்படும்.”

வாரம் ஒரு வேலை என்று ஆரம்பித்தேன். வீடியோவைப் பார்த்துப் பார்த்து டிரில்லிங் மெஷினைப் பிடித்தேன். முதல் வாரம் துண்டுக் கம்பி. மாட்டி முடித்ததும் லேசாக ஆடியது. மனசு விட்டுப்போயிற்று. ஆனால் மறுநாள் காலை வாக்கிங் போய்விட்டு வந்து அசைத்துப் பார்த்தால்... கல்லு மாதிரி நிற்கிறது!

இரண்டாவது வாரம் கண்ணாடி. அதே கதை. சாயங்காலம் ஆட்டம், காலையில் கெட்டி. மூன்றாவது வாரம் சோப்பு ஸ்டாண்ட். அதுவும் அப்படித்தான்.

நான் ஒரு தியரியே கண்டுபிடித்துவிட்டேன். சிமென்ட் இறுகுகிற மாதிரி, ஸ்க்ரூவும் சுவரோடு பழக ஒரு ராத்திரி எடுத்துக்கொள்ளும்! ஆபீஸில் இரண்டு பேருக்கு இதை விளக்கிச் சொன்னேன். அவர்களும் தலையாட்டினார்கள். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்துப் போட்டேன். மச்சினன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். வாழ்க்கையில் முதல்முறை.

இதையெல்லாம் பார்த்துத்தான் மாமனாரும் வருவதாகச் சொன்னார்.

கடைசியாகக் கைப்பிடி. புதன்கிழமை சாயங்காலம் மாட்டினேன். இழுத்துப் பார்த்தேன். சுவரை விட்டு ஒரு நூல் அளவு வெளியே வந்தது.

துண்டு என்றால் விழட்டும். இது எழுபத்துநாலு வயசு மனுஷன் முழுப் பாரத்தையும் போட்டு எழுந்திருக்கப் போகிற கம்பி. என் தியரி மேல் எனக்கே நம்பிக்கை போய்விட்டது.

விடிந்ததும் கோகிலாவிடம், “உன் தம்பியை ஒரு எட்டு வந்து பாக்கச் சொல்லலாமா?” என்றேன்.

“பாத்துக்கலாமுங்க. நீங்க போயி வாக்கிங் முடிச்சுப்போட்டு வாங்க.”

திரும்பி வந்து, இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினேன். அசையவில்லை. ஆஹா, தியரி ஜெயித்துவிட்டது! அப்பாடா என்று இருந்தது.

பத்து மணிக்கு மாமனார் கோலை ஊன்றிக்கொண்டு வந்து இறங்கினார். காப்பி குடித்தார். “டார்ச்சு இருக்குதுங்களா மாப்ளே?” என்றார். மீதிதான் உங்களுக்குத் தெரியுமே.

பாத்ரூம் கதவு திறந்தது. மெதுவாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“யாருங்க மாட்டுனது?”

“அவருதானுங்ப்பா,” என்றாள் கோகிலா. “அத்தனையும் அவரே.”

“நல்லாருக்குதுங்க மாப்ளே.” கோலைச் சுவரில் சாய்த்தார். மகள் பக்கம் திரும்பி, ரொம்பச் சாதாரணமாக, “ஏங்கண்ணு, அந்தக் கைப்பிடிச் செவுரு ஹாலோ பிளாக்குதான?” என்றார்.

“ஆமாங்ப்பா, உள்ள பூரா பொந்து. எந்த ஸ்க்ரூவும் பிடிக்காது. அதான் அரை அடி தள்ளி, பில்லர்ல போட்டுட்...”

நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். கைப்பிடி அரை அடி தள்ளித்தான் இருந்தது. நான் போட்ட ஓட்டைகளுக்கு முன்னால் ஷாம்பு ஸ்டாண்ட் நின்றது. தொங்கிப் பார்த்த எனக்கு இடம் மாறியிருப்பது கண்ணில் படவில்லை. பெருமை அப்படிக் கண்ணை மறைத்திருக்கிறது.

“உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுங்க மாமா?”

“ஸ்க்ரூத் தலையப் பாத்தனுங்க. கூட்டல் குறியாட்டம் எல்லாம் நேரா நிக்குது. என்ற பட்டறையில நாஞ்சொல்லிக் குடுத்த பழக்கமுங்க அது. பள்ளிக்கூடம் உட்டு வந்தா இவ அங்கதான கெடப்பா.”

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். பள்ளிக்கூடம் விட்டு வந்து என்ன செய்வாய் என்று நான் அவளைக் கேட்டதே இல்லை. ரசம் வைக்கத் தெரியுமா என்று பெண் பார்க்கப் போனபோதே எங்கள் வீட்டில் கேட்டார்கள். டிரில்லிங் மெஷின் பிடிப்பாளா என்று கேட்க யாருக்குத் தோன்றும்? அன்று அவள், “இல்லாட்டி நா...” என்று ஆரம்பித்ததன் மீதி என்ன என்று இப்போது புரிந்தது. வெட்கமாக இருந்தது.

“ஏன் சொல்லலை?”

“நீங்க ஒவ்வொண்ணையும் போட்டோ எடுத்து குரூப்புல போட்டுட்டு, அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க... எப்படிங்க சொல்றது?”

டார்ச்சை வாங்கிக்கொண்டு நானும் உள்ளே போனேன். துண்டுக் கம்பி — கூட்டல் குறி. சோப்பு ஸ்டாண்ட் — கூட்டல் குறி. கைப்பிடியில் ஆறும் கூட்டல் குறி. கண்ணாடியில் மூன்று கூட்டல் குறி. நாலாவது மட்டும் சாய்ந்து, பெருக்கல் குறியாக நின்றது.

“கோகிலா, இதை மட்டும் மறந்துட்டியா?”

“மறக்கலீங்க. அது நீங்க போட்டது. கெட்டியா இருந்துச்சு. அதைய எதுக்குக் கழட்டோணும்?”

மாமனார் ஒரு மாதம் இருக்கிறார். பிடித்துக்கொள்ள அவருக்கு அந்தக் கைப்பிடி இருக்கிறது. எனக்கு அந்த ஒரு ஸ்க்ரூ இருக்கிறது.