மாமா வந்து பார்த்த வகுப்பு

எனக்கு யாரையும் லேசில் நம்ப வராது. பிறவிக் குணமா, மாமா வீட்டு வளர்ப்பா என்று இன்றுவரை தெரியவில்லை. அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அத்தா பினாங்கில் கடை வைத்திருந்தார். கடலூருக்கு வருவதே அபூர்வம். அதனால் எங்கள் வீட்டில் அம்மாவின் அண்ணன் வைத்ததுதான் சட்டம். மாமாவுக்கு முதுநகரில் மல்லாட்டை மண்டி, வேர்க்கடலை மொத்த வியாபாரம். மூட்டை வாயில் தெரிகிற சரக்கை அவர் நம்பவே மாட்டார். முழங்கை வரை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு கை அள்ளிப் பார்த்த பிறகுதான் விலை பேசுவார். மனிதர்களிடமும் அதே கதைதான்.

அப்படிப்பட்டவர் அறுபதுகளின் நடுவில் என்னைச் சிதம்பரம் யுனிவர்சிட்டிக்கு பி.ஏ. படிக்க அனுப்பினார் என்றால், அத்தா பினாங்கிலிருந்து பிடித்த பிடிவாதம்தான் காரணம். ஆனால் ஹாஸ்டல் கூடாது. தலையோடு உடம்பை மூடும் வெள்ளைத் துப்பட்டி போட்டுக்கொண்டு, பெண்கள் பெட்டியில் ஏறி, தினமும் போய்த் திரும்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். "வருசா வருசம் பாத்துதான் மேல அனுப்புவேன்" என்று கடைசியில் ஒன்று சொன்னார். அந்த ஒரு வார்த்தையை இரண்டு வருடமும் நான் மறக்கவில்லை. எனக்கு மூன்றாம் வருடமும் வேண்டும். பட்டம் வாங்காமல் வீட்டில் உட்காருவதை நினைக்கவே பிடிக்கவில்லை.

இரண்டாம் வருடம் முடிந்த லீவில் மாமாவின் மகன் மெட்ராஸிலிருந்து வந்தார். எனக்கு முறை மாப்பிள்ளை. அங்கே ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார். பெட்டியை இறக்கி வைத்ததும் வைக்காததுமாகக் கேள்வியை ஆரம்பித்துவிட்டார்.

"எங்குளுக்கு யுனிவர்சிட்டின்னா பரீட்சை வைக்கிற ஆபீசு மாதிரிதான். ஆஸ்டல் ஒரு மூலை, காலேஜு ஒரு மூலை, நடுவுல பஸ்ஸுல தொங்கணும். ஒங்குளுக்கு எல்லாம் ஒரே எடத்துல இல்ல? அப்போ பசங்க, பொம்பளப் புள்ளைங்க எல்லாம் ஒண்ணாத்தான் நடமாடுவீங்களா? லைப்ரரிக்குத் தனியாவா போவ?"

எனக்கு உடனே பொறிதட்டியது. கேட்கிறவர் மச்சான், கேட்கச் சொன்னவர் மாமா. சரி, ஆழம் பார்ப்போம் என்று நானும் மெட்ராஸைப் பற்றிக் கேட்டேன். வகுப்பு, மெஸ், ரூம், அவ்வளவுதான் என்றார். கடற்கரை பக்கத்திலேயே இருந்தும் மணலை மிதித்ததில்லையாம். இதை நான் நம்ப வேண்டுமாம்!

அவருக்கு நான் சளைத்தவளா? "எங்க நடமாடறது மச்சான்? லேடீஸ் ரூம்லதான் கெடப்போம். வாத்தியார் கிளாசுக்குப் போம்போது வாசல்ல நிப்பாரு, அவரு பின்னாடியே வரிசையாப் போவோம். மணி அடிச்சா அவரு பின்னாடியே திரும்பி வந்துருவோம். மத்த நேரம் பூரா ரூம்ல ஒக்காந்து படிப்புதான்" என்றேன்.

வாத்தியார் பின்னால் வாத்துக் கூட்டம் போல நாங்கள் போனது சத்தியமான உண்மை. அந்தக் காலத்து வழக்கம் அது. மற்றதைத்தான் விழுங்கிவிட்டேன். லைப்ரரியில் ரயிலுக்கு நேரமாகும் வரை ஆண் பெண் பாராமல் எல்லோரும் படித்ததை, இலங்கையிலிருந்து வந்த தோழியோடு மரத்தடியில் சண்டை போட்டு அரசியல் பேசியதை, பட்டிமன்றத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்டதை எல்லாம் சொல்ல எனக்கு என்ன பைத்தியமா?

காலேஜ் திறக்கும் சமயத்தில், ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிய மாமா சொன்னார்.

"பையன் எல்லாத்தையும் சொன்னான். தப்புத்தண்டா ஒண்ணும் இல்ல, ஜாஸ்தி நேரம் ஒரு ரூம்ல ஒக்காந்து படிக்கிறதுதானாம். அதுக்கு எதுக்கு ரயிலேறிப் போவணும்? ரூமு நம்ம ஊட்லயே இருக்குது. புஸ்தகம் வாங்கித் தர்றேன், இங்கியே படி."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. கூடத்தில் நின்ற மச்சானைப் பிடித்துக்கொண்டேன். "ஒனக்கு நல்லதுன்னுதான் அப்படிச் சொன்னேன். எங்க அத்தாவுக்குச் சந்தேகம் வரக் கூடாதுன்னு" என்றார். முகம் என்னவோ பாவமாகத்தான் இருந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை.

வேறு வழியில்லை. மாமா முன்னால் போய் நின்று, விழுங்கியதையெல்லாம் சொன்னேன். லைப்ரரி, மரத்தடி, பட்டிமன்றம், ஒன்று விடாமல். அம்மா கதவோரத்தில் தலையில் கை வைத்துக்கொண்டாள். மாமா கோபப்படவில்லை. "நேத்து வரைக்கும் இல்லாதது இன்னிக்கு எங்கேருந்து மொளைச்சுது?" என்று மட்டும் கேட்டார். பொய்யை முழுசாக நம்பிய மனிதர் உண்மையை நம்ப மறுத்தார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

காலேஜ் திறந்த அன்று, நேரில் பார்த்துத்தான் முடிவு என்று அவரே என்னோடு ரயிலேறினார். சிதம்பரத்தில் இறங்கியதிலிருந்து ஒவ்வொரு கட்டிடத்தையும் வாங்க வந்தவர் மாதிரி முறைத்துப் பார்த்துக்கொண்டே நடந்தார். நான் லேடீஸ் ரூமில் துப்பட்டியை மடித்து வைத்து, முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு வெளியே வந்தபோது அவரைக் காணோம். சரித்திர வாத்தியார் வந்தார். வழக்கம் போல அவர் பின்னால் போய் முன் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

பழைய துறைமுகங்களைப் பற்றிய பாடம். நம் பக்கத்துத் துறைமுகங்களில் பெரிய கப்பல்கள் ஏன் கரைக்கு வருவதில்லை என்று கேட்டார். பின்னால் பையன்கள் வரிசையில் ஒரு சத்தமும் இல்லை. கடலூர்க்காரிக்கு இது தெரியாதா? எழுந்து, ஆற்று முகத்துவாரத்தில் மணல் அடைப்பதையும், கப்பல் தூரத்தில் நிற்கப் படகில் சரக்கு ஏற்றிப் போவதையும் சொன்னேன். வகுப்பே என்னைப் பார்த்தது. உட்காரும்போது ஜன்னலுக்கு வெளியே மாமாவின் தொப்பி தெரிந்தது. இத்தனை ஆண்கள் பார்க்க நான் நின்று பேசியதைப் பார்த்துவிட்டார். ஒழிந்தது மூன்றாம் வருடம் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் ஸ்டேஷனில் அவர் டிக்கெட் வாங்கி வந்து என் பக்கத்தில் நின்றார். பிறகு, "அத்தினி பயலுவளும் ஒன் வாயையே பாத்துகிட்டு இருந்தானுவ" என்றார்.

"இல்ல மாமா, வாத்தியார் கேட்டாரு, அதான்..."

"ஒருத்தனுக்குமா தெரியல, கப்பல் ஏன் வர்லன்னு?"

என்ன பொறி வைக்கிறாரோ என்று பயந்துகொண்டே, "தெரியல மாமா" என்றேன்.

ரயில் வருகிறதா என்று தண்டவாளத்தை எட்டிப் பார்த்தார்.

"ஊட்ல ஒக்காந்து படிச்சா இத யார்கிட்ட சொல்லுவ?" என்றார்.

துப்பட்டிக்குள் நான் அழுததை அவர் பார்க்கவில்லை. மறுநாள் காலை நான் மட்டும் ரயிலேறினேன்.