எந்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும்?

ஸம்றா வென்றெடுத்தவற்றை ஒன்றும் விடாமல் சொல்ல வேண்டும். சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் அவளை இரண்டு தடவை கைவிட்டது. மூன்றாம் தடவை ஒரு எஸ், அதாவது மட்டுமட்டான பாஸ், கிடைத்தது. இணையத்தளம் கட்டுவதை ஆங்கில வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தே படித்தாள். பதினைந்து நிமிட வீடியோ ஒன்றை முடிக்க நான்கு நாள் எடுத்ததும் உண்டு. இரண்டாம் கையாக வாங்கிய மடிக்கணினியின் திரை பாதி கறுத்துப் போயிருந்தது. மீதிப் பாதிக்குள்ளேயே வேலையைப் பழகினாள். "பொம்புளப் புள்ள கடை கடையா ஏறி இறங்குறதா?" என்று கேட்டவர்கள், இன்று அவள் போனால் கதிரையை இழுத்துப் போடுகிறார்கள். கல்முனையிலும் சாய்ந்தமருதிலுமாகப் பதினொரு கடைகளின் இணையத்தளங்கள் அவள் செய்தவை. அவற்றில் எதுவும் திறக்க மூன்று செக்கனுக்கு மேல் எடுப்பதில்லை.

ஒரு கிழமை மட்டும் சறுக்கியிருந்தால் இதில் பாதி கிடைத்திருக்காது. துணி துவைக்கும் மெஷின் ஒன்று வீடு மாறி இறங்கிய கிழமை அது.

ஸம்றா தனியாகக் கடைகளுக்குப் போவதில்லை. ராத்தா என்று அவள் கூப்பிடும் அக்கா சுஹறா கூடப் போவாள். எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடம் நின்றவள் சுஹறா. தங்கச்சியை விட ஒன்பது வயது மூப்பு. ஸம்றா கடைக்காரரோடு கதைக்கும்போது பக்கத்துக் கதிரையில் இருந்து, எந்தத் திகதி எதை மாற்றச் சொன்னார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வைப்பாள். கணினி விஷயம் அவளுக்குப் பிடிபடாது. ஆனால் தங்கச்சி கதைக்கத் தொடங்கினால் பெரிய மனிசர்களும் வாயை மூடிக் கேட்பதைப் பார்க்கப் பிடிக்கும்.

கல்முனைப் பிரதான வீதியில் அப்துல் ஸமட் ஹாஜியாருக்கு மின்சாதனக் கடை. அவருக்குத் தளம் செய்தபோது கடைத் திறப்பு விழாவின் இருபத்திரண்டு படங்கள் முதல் பக்கத்தில் வர வேண்டும் என்றார், அதற்கு மேலே தன் படம், எல்லாம் ஆங்கிலத்தில். ஸம்றா அப்படியே செய்து கொடுத்தாள். ஒரு மாதம் கழித்துக் கணக்கெடுத்துக் கொண்டு போனாள்.

"நூறு பேர் வந்தா எழுவது பேர் ஆறு செக்கன்ல போயிடுறாங்க, ஹாஜியார்."

"எங்க போறாங்க?"

"வேற கடைக்கு."

ஹாஜியார் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். "என்ட போட்டோவப் பாத்துட்டா போறாங்க?"

"ஒங்கட போட்டோ வந்து முடியிறதுக்கு முன்னமே போயிடுறாங்க."

சுஹறா பர்தா நுனியால் வாயை மூடிக்கொண்டாள். ஹாஜியாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கே இருபத்திரண்டு படங்களும் போயின. தொட்டால் அழைப்புப் போகும்படி தொலைபேசி இலக்கம் மேலே ஏறியது. ஒவ்வொரு சாமானின் கீழும் விலை வந்தது. எழுத்தெல்லாம் தமிழானது. வருகிறவர்களில் பத்துக்கு ஏழு பேர் கட்டாரிலும் சவூதியிலும் குவைத்திலும் இருந்து பார்ப்பதையும், வெள்ளிக்கிழமை காலையில்தான் கூட்டம் அதிகம் என்பதையும் ஸம்றா எடுத்துக் காட்டினாள். அங்கே அது லீவு நாள். இங்கே கடை பூட்டிக் கிடக்கும். அதற்குப் பிறகு வெள்ளிக் காலையில், ஜும்ஆத் தொழுகைக்குக் குளிக்கப் போகும் வரை, ஹாஜியாரே ஒரு போனைக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொல்லத் தொடங்கினார். நான்கு மாதத்தில் முப்பத்தொரு சாமான் தளத்தால் போயிற்று.

ஆனால் ஒரு கணக்கு மட்டும் ஸம்றாவுக்கு விளங்கவில்லை. சாமான் கேட்டு நிரப்பும் படிவத்தில் எந்தப் பெட்டியில் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று காட்டும் சின்னக் கருவி ஒன்றை அவள் பொருத்தியிருந்தாள். பெயரைக் கடகடவென்று எழுதுகிறார்கள், தொலைபேசி இலக்கத்தையும் எழுதுகிறார்கள். 'உங்கள் முகவரி' என்ற பெட்டிக்கு வந்ததும் நின்றுவிடுகிறார்கள். சிலர் ஒன்றரை நிமிடம் நிற்கிறார்கள். பாதிப் பேர் அதோடு திரும்பிவிடுகிறார்கள். ஏற்றுக்கூலிக்குப் பயப்படுகிறார்களோ என்று, 'வீடு வரை இலவசம்' என்று பெட்டிக்கு மேலேயே எழுதிப் பார்த்தாள். ஒரு மாற்றமும் இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் றிஸ்மியின் மெஷின் வந்தது. றிஸ்மி மாவடிப்பள்ளிப் பிள்ளை. மருதமுனையில் கலியாணம் முடித்து, டோஹாவில் வாகனம் ஓட்டுகிறவன். மனைவிக்குக் குழந்தை பிறந்து பதினைந்து நாள். துணி கசக்கிக் கை ஓய்கிறது என்று கேள்விப்பட்டு, வெள்ளிக்கிழமை தளத்தில் ஒரு மெஷினுக்குச் சொல்லி, "நாளைக்கு வரும்" என்று மனைவிக்குக் குரல் பதிவும் அனுப்பினான். சனிக்கிழமை அது மாவடிப்பள்ளியில் அவனுடைய உம்மாவின் வீட்டில் இறங்கியது.

திங்கட்கிழமை, கட்டாரில் இருக்கும் கல்முனைப் பக்கத்தாரின் பேஸ்புக் குழுவில் றிஸ்மி எழுதினான்: 'சொன்ன இடத்தில் சாமான் இறக்காத கடை. யாரும் வாங்க வேண்டாம்.' செவ்வாய் காலைக்குள் அதன் கீழே நூற்று நாற்பது பேர் எழுதிவிட்டார்கள்.

ஹாஜியார் அக்காவையும் தங்கச்சியையும் கூப்பிட்டு அனுப்பினார். லொறிக்காரன் கிசோக்கும் நின்றான், பெரியநீலாவணைப் பொடியன்.

"நான் என்ன செய்யிற அக்கா? வெப்சைட்டால வந்த துண்டுல கிடந்த விலாசத்துக்குத்தான் இறக்கினன். அந்த உம்மா தேத்தண்ணி தந்து வட்டிலப்பமும் தந்தா. பிழையான வீடெண்டா வட்டிலப்பம் தருவாங்களா?"

"ஒனக்கு வட்டிலப்பம், எனக்கு வசை" என்றார் ஹாஜியார். பிறகு ஸம்றாவின் பக்கம் திரும்பினார். "முப்பது வருஷக் கடை, மகள். ஒருத்தனும் இப்பிடி எழுதினதில்ல. வெள்ளிக்கு முன்னுக்கு இது சரி வரணும். இல்லாட்டி வெப்சைட்ட மூடிடு. அவன் தந்த விலாசத் துண்டப் போட்டோ பிடிச்சிப் போடப் போறன். பிழை அவன்ட எண்டு எல்லாரும் பாக்கட்டும்."

அப்போது ஸம்றாவிடம் இருந்தவை நான்கு கடைகள். மற்ற மூன்றும் ஹாஜியாரைப் பார்த்து வந்தவை. இது மூடினால் அவையும் மூடும். வீதிக்கு வந்ததும் சுஹறா, "ஹாஜியார் சொல்றதுதானே சரி. விலாசத்த எழுதினது றிஸ்மி. போட்டோவப் போட்டுட்டுப் போகட்டுமே" என்றாள்.

"நாம கேட்டதுக்கு ஒரு மனிசன் பதில் தந்திரிக்காரு ராத்தா. எழுதத் தெரியாத ஆளும் இல்ல. ஏன் அந்த வீட்ட எழுதினாரு எண்டு தெரியாம நான் பதில் போடமாட்டன். வா ராத்தா, போய்ப் பாப்பம்."

ஆட்டோவில் போனார்கள். மாவடிப்பள்ளி வீதியில் பாதியை அடைத்து நெல் காயப் போட்டிருந்தார்கள். றிஸ்மியின் உம்மா வாசலுக்கு வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்.

"கடையால வந்தீங்களா? இருங்க மகள். எப்பிடிப் பாவிக்கிற எண்டு காட்டித் தரவா வந்த?"

மெஷின் முன் மண்டபத்தில் நின்றது. சுற்றியிருந்த பொலித்தீனைக்கூடக் கழற்றவில்லை. மேலே பூவேலை செய்த துணி விரித்து, அதன் மேல் ஒரு பூச்சாடியும் வைத்திருந்தார். ஸம்றா, றிஸ்மியை அண்ணன் முறை வைத்து, மெல்லக் கேட்டாள்.

"உம்மா, றிஸ்மி காக்காட விலாசம் இதுதானா?"

"இதில்லாம வேற எது? புறந்தது இந்த வீட்டுல. ஐடென்டிட்டி காட்டுல இது. பாஸ்போட்டுல இது."

"அப்ப மருதமுன வீடு?"

"அது பொஞ்சாதிட வீடு. கலியாணம் முடிச்சா ஆம்புளப் புள்ள அங்கதானே போய் இரிக்கிற. போய் இரிக்கிற வீடு அவன்ட விலாசமாகுமா மகள்?"

ஸம்றா ராத்தாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையின் அர்த்தம் சுஹறாவுக்கு அப்போது விளங்கவில்லை.

"உம்மா," என்றாள் ஸம்றா, "பிழை எங்கட பக்கம். காக்கா இத மருதமுனைக்குத்தான் வாங்கினாரு. நாங்க கேட்ட மாதிரி பிழைச்சிப் போச்சி."

அந்தத் தாய் எழும்பிப் போய்ப் பூச்சாடியை எடுத்து ஜன்னலோரம் வைத்தார். துணியை எடுத்து உதறி, நான்காக மடித்தார்.

"புள்ளப் பெத்தவ அங்க கையாலயா கசக்கிறா?"

"ஓம் உம்மா."

"அல்லாஹ்வே. நான் நாலு நாளா இதத் தொடச்சித் தொடச்சி வெச்சிரிக்கன்." அவர் மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டார். "கெதியாக் கொண்டு போகச் சொல்லுங்க. எனக்கு எதுக்கு மெஷின், ஒராளுட உடுப்பு. ஒரு சொல்லு மட்டும் மகள். நான் சந்தோஷப்பட்டத்த அவனுக்குச் சொல்லிராதங்க. அங்க கெடந்து யோசிப்பான்."

ஆட்டோ திரும்பிக் காரைதீவுச் சந்தியைத் தாண்டியது. சுஹறா தங்கச்சியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ராத்தா, அந்தப் பெட்டிக்கு முன்னால ஒண்டரை நிமிஷம் நிண்டாங்களே. வெல பாத்து நிக்கல்ல. எது என்ட வீடு எண்டு நிண்டிரிக்காங்க."

சுஹறா கொப்பியைத் திறந்தாள், ஆனால் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அவளைக் கட்டிய மாப்பிள்ளையும் பத்து வருஷமாக அவள் வீட்டில்தான் இருக்கிறார். அவரிடம் யாராவது விலாசம் கேட்டால் என்ன சொல்வார் என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை.

மெஷின் அன்று பின்னேரமே மருதமுனைக்குப் போனது. ஆனால் பிரச்சினை முடியவில்லை. "இறக்கிட்டன் அக்கா" என்று கிசோக் போனில் சொன்னான். "றிஸ்மிட பொஞ்சாதி, அந்தத் தங்கச்சி, பிளக் போட விடல்ல. உம்மாக்கு வாங்கிக் குடுத்துட்டு, நான் கேட்ட பிறகு பறிச்சித் தாறாரா எண்டு அழுதிச்சி. சாமானத் திருப்பி ஏத்தட்டாம்."

புதன்கிழமை முழுக்க ஸம்றா படிவத்தோடு இருந்தாள். 'உங்கள் முகவரி' பெட்டியை எடுத்துவிட்டாள். அந்த இடத்தில் 'எந்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும்?' என்று கேட்டாள். அதன் கீழே, 'அங்கே யாரிடம் ஒப்படைக்க வேண்டும்?' அதற்கும் கீழே, 'பக்கத்தில் உள்ள பள்ளிவாசல், கோயில் அல்லது கடை எது?' இந்தக் கரையில் பாதி வீட்டுக்கு இலக்கம் இல்லை, இருந்தாலும் யாருக்கும் நினைவில் இல்லை. செய்து முடித்ததும் போனை மாப்பிள்ளையிடம் கொடுத்து நிரப்பச் சொல்லும்படி சுஹறாவிடம் சொன்னாள். சுஹறா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் எங்கேயும் நிற்கவில்லை. நாற்பத்திரண்டு செக்கனில் முடித்தார். அந்தத் துண்டைக் கிசோக்கிற்கு அனுப்பினார்கள். "இதெண்டா கண்ணக் கட்டி விட்டாலும் போவன்" என்று பதில் வந்தது.

வியாழன் காலை கடைக்குப் போனபோது ஹாஜியார் விலாசத் துண்டின் படத்தைத் தயாராக வைத்திருந்தார். ஸம்றா தான் எழுதியதை அவரிடம் நீட்டினாள்.

'சகோதரர் றிஸ்மி அவர்களுக்கு. நீங்கள் தந்த முகவரி சரி. கடை அனுப்பிய வீடும் அதுவே. பிழை படிவத்தில். சாமான் எந்த வீட்டுக்கு என்று கேட்க வேண்டிய இடத்தில் அது உங்கள் முகவரியைக் கேட்டது. நம் ஊரில் கலியாணம் முடித்த ஒருவருக்கு அது எவ்வளவு கஷ்டமான கேள்வி என்று அதைச் செய்தவர் யோசிக்கவில்லை. சாமான் முதல் நாளிலிருந்தே மருதமுனைக்காக வாங்கப்பட்டது. வழியில் பிரிக்காமல் பக்குவமாக வைத்திருந்து தரப்பட்டது. இதில் கடையோ, லொறி ஓட்டியவரோ, உங்கள் வீட்டார் எவருமோ பிழை செய்யவில்லை. படிவம் நேற்றுத் திருத்தப்பட்டுவிட்டது.'

ஹாஜியார் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். "இதப் போட்டா பிழை எங்கட எண்டாகிடுமே மகள்."

"ஒங்கட இல்ல. செஞ்ச ஆள்ட."

"செஞ்ச ஆள் ஆரு? கொழும்புல செஞ்ச எண்டெல்லோ நான் ஊரெல்லாம் சொல்லி வெச்சிரிக்கன்."

இது சுஹறாவுக்கும் தெரியும், ஸம்றாவுக்கும் தெரியும். ஊர்ப் பெண்பிள்ளை செய்தது என்றால் மதிக்கமாட்டார்கள் என்று ஸம்றாவும் பேசாமல் இருந்துவிட்டவள்தான்.

"கொழும்பு ஆள் சொன்னா மருதமுனையில அந்தத் தங்கச்சி நம்புவாவா, ஹாஜியார்? கடை தப்பிக்கச் சொல்லுது எண்டு நினைப்பா. இன்னார்ட மகள், இன்ன வீதி எண்டு தேடி வந்து ஏசக்கூடிய ஒராள் சொன்னாத்தான் நம்புவா."

ஹாஜியார் மறுபடியும் வாசித்தார். இரண்டாம் தடவை மெதுவாக வாசித்தார். விலாசத் துண்டை மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார்.

"வெப்சைட் இரிக்கட்டும்" என்றார். "போடு மகள்."

அன்று அஸர் தொழுகைக்கு முன்பு றிஸ்மி தன் பதிவை எடுத்துவிட்டான். அதற்குள் மருதமுனையில் பிளக் ஏறிவிட்டது என்று கிசோக் சொன்னான். இந்தத் தடவை அவனுக்கு அங்கேயும் தேத்தண்ணி கிடைத்ததாம். இதெல்லாம் பிறகு நடந்தவை. 'போடு மகள்' என்று ஹாஜியார் சொன்னபோது இவற்றில் ஒன்றும் தெரியாது. ஸம்றா செய்தியின் அடிக்குப் போய், தான் செய்த ஒன்றின் கீழே முதல் தடவையாகத் தன் பெயரை எழுதினாள். சுஹறா கொப்பியில் நேரத்தையும் குறித்தாள்: காலை பதினொன்று பத்து, வியாழக்கிழமை, 2024 ஆகஸ்ட் 22.